புதைந்த பிளாஸ்டிக் குழாயைக் குறைந்த செலவில் தேடுவது எப்படி? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தோட்டத்து மாரியம்மன் கோயில், அதன் மண்டபம், பின்னால் இருக்கும் ஆறு பழைய லயத்து வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டரிலிருந்துதான் தண்ணீர் போகிறது. சாலையோர மீட்டரிலிருந்து கடைசி வீடு வரை சுமார் 80 மீட்டர். குழாய் பிளாஸ்டிக், புதைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. புதைத்தவர் காலமாகிவிட்டார். வரைபடம் எதுவும் இல்லை. சில மாதங்களாகத் தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அதோடு மண்டபத்தை ஒட்டிப் புதுக் கழிப்பறை கட்டவும் கமிட்டி நினைக்கிறது. எங்கே கடைக்கால் தோண்டலாம் என்று தெரியவில்லை. மண்ணுக்குள் பார்க்கும் ரேடார் கருவியோடு வருகிறோம் என்றவர்கள் கேட்ட தொகை கமிட்டிக்குக் கட்டுப்படியாகாது. 300 ரிங்கிட்டுக்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. ஆனால் அந்த 300 ரிங்கிட்டை எதில் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணையக் கடையில் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கிவிட்டால் பணம் அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கருவி மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பி, மின்சாரம் கடத்தும் பொருளிலிருந்து வரும் எதிர்வினையைத்தான் கேட்கிறது. பாலி பைப்பும் பிவிசி பைப்பும் மின்சாரத்தைக் கடத்தாது, காந்தத்துக்கும் அசையாது. கருவிக்கு அது இருப்பதே தெரியாது. தோட்டத்து மண்ணில் அதற்குக் கிடைப்பதெல்லாம் பழைய ஆணி, பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) கோப்பைக்குக் கட்டிய கம்பி, துருப்பிடித்த தகரம். தெனாகா மின்சார நிறுவனத்தின் ஆட்கள் கேபிள் தேடக் கொண்டுவரும் விலை உயர்ந்த கருவியும் இந்த விஷயத்தில் அப்படித்தான். அதற்கும் கடத்தி வேண்டும்.

ஆகவே நம் வேலை, கருவிக்குக் கேட்கிற ஒன்றைக் குழாய்க்குள் நாமே அனுப்புவது. அதற்கு முன் தேடும் இடத்தைச் சுருக்க வேண்டும். சுருக்குவதற்குக் காசே ஆகாது.

முதலில் மீட்டர். கோயில், மண்டபம், ஆறு வீடு, எல்லாக் குழாயையும் மூடச் சொல்லுங்கள். கழிப்பறைத் தொட்டிகள் நிரம்பி நிற்கும் வரை பொறுத்துவிட்டு மீட்டர் முகப்பில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் கசிவு உண்டு. சுற்றவில்லை என்றால் கட்டணம் ஏறியதற்குக் காரணம் வேறு. கசிவுக்காக மண்ணைக் கிளற வேண்டியதில்லை. சுற்றுகிறது என்றால் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்பது கேட்கச் சிறியதாக இருக்கும். நாளைக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கன மீட்டருக்கும் மேல். ஒரு நடுத்தரக் குடும்பம் மாதம் முழுக்கச் செலவழிப்பதைவிட அதிகமான தண்ணீர் அது. மீட்டருக்கு முன்னால் சாலைப் பக்கம் கசிந்தால் அது பேராக் நீர் வாரியத்தின் பொறுப்பு, அவர்களிடம் புகார் கொடுங்கள். மீட்டருக்குப் பின்னால் வருவதெல்லாம் நம் பொறுப்பு. மீட்டரின் முத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, தெரிந்த இடங்களைக் குறிப்பது. மீட்டர் ஒரு புள்ளி. குழாய் தரையை விட்டு மேலே ஏறும் ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. வால்வுப் பெட்டி இருந்தால் அதுவும். ஒரு தாளில் கோயில், மண்டபம், லயம், வேலி, லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), மரங்கள் எல்லாம் வரைந்து இந்தப் புள்ளிகளைப் போடுங்கள். பிறகு குழாய் எந்த வகை என்று பாருங்கள். கறுப்பில் நீலக் கோடு போட்ட பாலி பைப் என்றால் சுருளாக வந்தது. அது வளைந்து நெளிந்துதான் கிடக்கும், மரத்தைச் சுற்றிக்கூடப் போயிருக்கும். பிவிசி என்றால் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளத் துண்டுகளை ஒட்டிப் போட்டது. நேராக ஓடி, எல்போ இருக்கும் இடத்தில் செங்கோணமாகத் திரும்பும். இந்த ஒரு விவரம் தேடும் முறையையே மாற்றிவிடும். தரைக்கு மேல் பிவிசி தெரிகிறது என்பதால் கீழேயும் பிவிசிதான் என்று முடிவு செய்யாதீர்கள். ஏறும் இடத்தில் ஒரு கையளவு தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தோட்டத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு, அவை உங்களுக்கு உதவும். முன்பு லயத்துக்கு லயம் பொதுக் குழாய்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தபோது பெரும்பாலும் அந்தப் பொதுக் குழாயிலிருந்துதான் கிளை எடுத்தார்கள். லயத்தின் ஓரத்தில் உடைந்த சிமெண்டுத் திட்டு ஏதாவது புல்லுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் அதன் பக்கமாகத்தான் வந்திருக்கும். சமையலறை பின்புறம் இருந்ததால் லயத்தின் பின்பக்கச் சுவரையோ பின் லோங்காங்கையோ ஒட்டிக் குழாய் ஓடுவது வழக்கம். கையால் தோண்டிய ஆள் பெரிய வேரையும் பாறையையும் தவிர்த்திருப்பார். வேலி ஓரம் இளகிய மண் என்றால் அதை விட்டிருக்க மாட்டார். ஆழமும் அப்படித்தான்: ஒன்றரை அடி, இரண்டு அடி. வண்டி போகும் பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆழம், ஒருவேளை இரும்புக் குழாய்க்குள் நுழைத்தும் இருப்பார்கள். அப்படி ஒரு இரும்புத் துண்டு இருந்தால், இரவல் வாங்கிய உலோகம் தேடும் கருவி அந்த ஒரு இடத்தில் மட்டும் பயன்படும்.

அப்புறம் பெரியவர்களைக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தோட்டங்கள் கைமாறியபோதும் பிரிந்தபோதும் ஆபீஸில் இருந்த வரைபடங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. இருப்பது இவர்கள் நினைவு மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்து "குழாய் எங்கே போகிறது தாத்தா" என்று கேட்டால் சரியாக வராது. அவரைக் கைப்பிடித்து அந்த இடத்துக்கே கூட்டிப்போங்கள். அந்தக் காலத்தில் தோண்டியபோது யார் யார் நின்றார்கள், எங்கே பாறை வந்தது, எந்த வீட்டுப் பூச்செடி போனது என்று கேளுங்கள். பெண்களைக் கட்டாயம் கேளுங்கள். தண்ணீர் தூக்கியவர்கள் அவர்கள். குழாய் எங்கே உடைந்து எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். பழைய திருவிழாப் புகைப்படங்களிலும் புதிதாக மூடிய பள்ளத்தின் தடம் சில நேரம் தெரியும்.

நிலமும் சொல்லும். தோண்டி மூடிய மண் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். பெருமழை நின்ற மறுநாள் காலையில், வெயில் சாய்வாக விழும்போது மண்டபத்து மாடியிலிருந்தோ ஏணியிலிருந்தோ கைப்பேசியில் படம் எடுங்கள். நேர்க்கோட்டில் நீர் தேங்கிய பள்ளம் தெரிந்தால் குறித்துவையுங்கள். மழை குறைந்த வாரங்களில் ஒரு கீற்றுப் புல் மட்டும் பச்சையாக இருந்தால் அது கசிவாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் செய்தால் தேட வேண்டிய இடம் ஒன்றிரண்டு மீட்டர் அகலப் பட்டையாகச் சுருங்கிவிடும். சில இடங்களில் இதற்கு மேல் கருவியே தேவைப்படாது. தேவைப்பட்டால் அடுத்தது வயர்.

மீட்டருக்குப் பின்னால் உள்ள உங்கள் வால்வை மூடி, தண்ணீரை வடித்துவிட்டு, குழாய் தரைக்கு மேல் வரும் ஒரு இடத்தில் கழற்றுங்கள். எலக்ட்ரீசியன்கள் சுவர்க் குழாய்க்குள் வயர் இழுக்க வைத்திருக்கும் எஃகுப் பட்டை, ஃபிஷ் டேப் என்பார்கள், அதை உள்ளே தள்ளுங்கள். பொதுவாக 30 மீட்டர் வரை கிடைக்கும். பாலி பைப்பின் நெளிவுகளில் அது நன்றாகப் போகும். செங்கோண எல்போவில் முட்டி நிற்கும். நின்றாலும் நஷ்டமில்லை: எவ்வளவு நீளம் உள்ளே போயிற்று என்று அளந்தால், எல்போவோ வால்வோ அத்தனை மீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மறுமுனையிலிருந்தும் தள்ளி அளந்துகொள்ளுங்கள். கேட் வால்வு, பால் வால்வு வழியாக முழுக்கத் திறந்தால் பட்டை நுழையும். சாதாரணத் திருகு ஸ்டாப்காக்கில் நுழையாது. அதைக் கழற்றியாக வேண்டும்.

எல்போக்கள் நிறைய இருந்தால் இன்னொரு வழி, அதுவும் எலக்ட்ரீசியன்களுடையதுதான். பிளாஸ்டிக் பையின் ஒரு சிறு துண்டைத் தூண்டில் நூலில் கட்டிக் குழாயின் ஒரு முனையில் விடுங்கள். மறுமுனையில், தண்ணீரையும் இழுக்கும் வகை வேக்யூம் கிளீனரின் வாயைத் துணி சுற்றிப் பொருத்தி இழுங்கள். மற்ற வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டால் காற்று ஒரே வழியாகத்தான் போகும், பையும் அந்த வழியே போகும். இப்படி எந்தக் கிளை வேண்டுமோ அதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நூல் வந்து சேர்ந்ததும் அதில் மெல்லிய, உறையிட்ட செப்பு வயரைக் கட்டி இழுங்கள். 80 மீட்டரையும் ஒரே இழுப்பில் எடுக்கப் பார்க்காதீர்கள், இடையில் குழாய் மேலே வரும் இடங்களில் பிரித்துப் பிரித்துச் செய்யுங்கள். இது குடிநீர்க் குழாய் என்பது மறக்கக் கூடாது. வயர் புதிதாக இருக்கட்டும். வாசனை சேர்க்காத பிளீச்சைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். வேலை முடிந்து எடுத்தபின் எல்லாக் குழாயையும் திறந்து நெடுநேரம் ஓடவிடுங்கள்.

இப்போது வயருக்குக் குரல் கொடுக்க வேண்டும். வயர் தேடும் கருவி என்று இரண்டு துண்டாக விற்பார்கள்: ஒன்று ஒலிச் சமிக்ஞை அனுப்பும் பெட்டி, மற்றது அதைக் கேட்கும் கைக்கருவி. நூற்றுச் சொச்சம் ரிங்கிட்டில் கிடைக்கும். இதில் கவனம் வேண்டும். டெலிபோன், நெட்வொர்க் வயர் தேடும் மலிவான வகை பெரும்பாலும் மின்புலத்தைத்தான் கேட்கும். ஈர மண் அதை மறைத்துவிடும். நிலத்தடி வயருக்கு என்று குறிப்பிட்டு விற்கும், உள்ளே காந்தச் சுருள் உள்ள வகையை வாங்குங்கள். காந்தப்புலத்துக்கு ஈர மண் ஒரு பொருட்டே இல்லை.

பெட்டியின் ஒரு கிளிப்பை வயரில் மாட்டுங்கள். மற்றதை, குழாய் போகும் திசைக்குக் குறுக்காகச் சில மீட்டர் தள்ளி மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் மாட்டுங்கள். அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். வயரின் மறுமுனை வெளியே வந்திருந்தால் அதையும் உரித்து இன்னொரு கம்பியோடு மண்ணில் இணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்கள் அதிகம். மறுமுனை திறந்தே கிடந்தால் வயரில் மின்னோட்டம் மிகக் குறைவு, போகப் போகச் சத்தம் செத்துவிடும். மண் வழியாகச் சுற்று முழுமையானால் சத்தம் தெளிவாக வரும்.

குழாய்க்குள் இழுப்பதற்கு முன்பே வயரைப் புல் மேல் விரித்து ஒரு தடவை சோதித்துவிடுங்கள். உங்கள் கருவி வயருக்கு நேர் மேலே உச்சமாகக் கத்துகிறதா, அல்லது நேர் மேலே அடங்கி இரண்டு பக்கமும் கத்துகிறதா? அது சுருள் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடங்கும் இடம் உச்சத்தைவிடக் கூர்மையாக இருக்கும், எனவே குறிக்க அதுவே நல்லது. வீட்டில் ஏஎம் அலைவரிசை உள்ள பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதையும் முயன்று பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிச் சுருள் காந்தப்புலத்தைத்தான் பிடிக்கிறது. ஒலிபரப்பு இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால் சில பெட்டிகளின் சமிக்ஞை கரகரவென்று கேட்கும். கேட்டால் கைக்கருவிக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.

ஆழமும் இதிலேயே தெரியும். சுருள் செங்குத்தாக நிற்கும்போது குழாய்க்கு நேர் மேலே சத்தம் அடங்கும். அந்தக் கோட்டைச் சுண்ணாம்புத் தூளில் போடுங்கள். பிறகு சுருளை 45 பாகை சாய்த்து, கீழ்முனை குழாய்ப் பக்கம் பார்க்கும்படி தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கோட்டிலிருந்து குறுக்காக விலகிப் போங்கள். மறுபடி சத்தம் அடங்கும் இடத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம்தான் ஆழம். வயரைச் சுற்றிக் காந்தப்புலம் வட்டமாக இருப்பதால் வரும் கணக்கு இது. அந்த இடத்தில் பக்கவாட்டுத் தூரமும் ஆழமும் சமம்.

மின்சார வயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெட்டியை மின்சாரம் ஓடும் எதிலும் மாட்டாதீர்கள். வீட்டு மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் இந்த வயரில் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்து பார்த்தேன் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

வயர் நுழையவே இல்லை, ஆனால் ஃபிஷ் டேப்பின் முனை ஓரளவு போகிறது என்றால் காந்தத்தையும் முயலலாம். முனையில் விரல் நுனி அளவு நியோடிமியம் காந்தத்தை இறுக்கக் கட்டி, டேப் சுற்றி வழவழப்பாக்கி உள்ளே தள்ளுங்கள். கைப்பேசியில் காந்தப்புலம் காட்டும் செயலி இருந்தால் போதும். நம் பகுதியில் பூமியின் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. காந்தத்துக்கு மேலே வரும்போது அந்த எண் குதிக்கும். ஒருவரை டேப்பை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லிவிட்டு, எண் கூடவே அசைகிறதா என்று பார்த்தால் சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் காந்தத்தின் பலம் தூரத்தின் கன அளவில் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்துக்கு மேல் இதை நம்ப வேண்டாம். கம்பி கட்டிய கான்கிரீட் பக்கத்தில் இருந்தாலும் குழப்பும்.

இவை எதுவும் இல்லாமல் கையால் தேடுவதும் நல்ல வழிதான். 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை ஐந்தடி நீளத்துக்கு வெட்டி, மேலே குறுக்குப் பிடி பற்றவைத்து, முனையை உருண்டையாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கூர் முனை குழாயைத் துளைத்துவிடும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது உடல் எடையால் மட்டும் அழுத்துங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். கல்லில் பட்டால் "டிங்" என்று கைக்குத் தெறிக்கும். பிளாஸ்டிக்கில் பட்டால் மந்தமாக, கொஞ்சம் குதிப்பதுபோல் இருக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் பழைய வெள்ளீயச் சுரங்க மணல் உள்ள நிலத்தில் கம்பி சுலபமாக இறங்கும். குன்றுப் பக்கத்துச் செம்மண்ணில் சரளைக்கல் நிறைய, அங்கே ஒவ்வொரு கல்லும் குழாய் மாதிரி ஏமாற்றும். அத்தகைய இடத்தில் தோட்டத்து ஹோஸை ஒரு மெல்லிய பிவிசிக் குழாயில் மாட்டி, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே மண்ணுக்குள் இறக்குங்கள். தண்ணீர் மண்ணைக் கரைத்து வழி செய்யும், குழாயைக் காயப்படுத்தாது.

கடைசி உறுதி எப்போதும் மண்வெட்டிதான். குழாய் இருக்கும் என்று நினைக்கும் கோட்டின் மேலேயே தோண்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கோட்டுக்குக் குறுக்காக, அரை அடி அகலத்தில் ஒரு ஒடுங்கிய பள்ளம் வெட்டுங்கள். தேட வேண்டிய பட்டை இரண்டு மீட்டர் அகலம் என்றால் பள்ளமும் இரண்டு மீட்டர் நீளம். குழாய் உள்ளே இருந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு அடிக்குக் கீழே போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கரணையாலும் கையாலும் மண்ணை எடுங்கள். இப்படி மூன்று, நான்கு இடத்தில் குழாயைக் கண்ணால் பார்த்துவிட்டால் நடுவில் அது எப்படிப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

தோண்டுவதற்கு முன் மின்கம்பத்திலிருந்து மண்டபத்துக்குக் கேபிள் மண்ணுக்குள் வருகிறதா என்று பாருங்கள். மண்டபத்தின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் கம்பத்திலிருந்து பலகை வரை வரும் கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கம் இரும்புக் கம்பியே வேண்டாம். தோண்டும்போது சாம்பல் நிறத்தில், சிமெண்டு மாதிரி இருக்கும் பழைய குழாய் வந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். நம் நாட்டில் அது நிறையப் புதைந்திருக்கிறது. அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், நனைத்து, மண் போட்டு மூடி அப்படியே விடுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. சாலை ஒதுக்கு நிலத்தில் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கமிட்டியில் யாராவது வளைந்த கம்பி இரண்டைக் கையில் பிடித்தோ தேங்காயை உள்ளங்கையில் வைத்தோ நடப்பவரைக் கூப்பிடலாம் என்பார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். 1987, 1988இல் ஜெர்மனியின் மியூனிக் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில், கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒரு வண்டியில் வைத்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மேல்தளத்தில் நடந்தவர்கள் குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானோரிலிருந்து தேர்ந்தெடுத்த 43 பேர், 843 சோதனைகள். நடத்தியவர்கள் சிலருக்கு அந்தத் திறமை இருப்பதாகச் சொன்னார்கள். அதே எண்களை ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி மறுபடி அலசி 1999இல் எழுதியபோது, குருட்டு ஊகத்தைவிட மேலாக எதுவும் இல்லை என்று காட்டினார். கம்பி பிடிப்பவர் சொல்லும் இடம் சில நேரம் சரியாக வருவதற்குக் காரணம், அவர் அனுபவத்தால் நிலத்தைப் படிப்பதுதான். அந்த நிலத்தைப் படிக்கும் வேலையை நீங்கள் ஏற்கனவே தாளில் செய்துவிட்டீர்கள்.

ரேடாரையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது பிளாஸ்டிக்கைப் பார்க்கக்கூடிய கருவிதான். மண்ணுக்கும் குழாய்க்கும் மின்காப்பு மாறிலி என்ற எண்ணில் உள்ள வித்தியாசத்தில் அலை பட்டுத் திரும்புகிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த எண் 2, 3, தண்ணீருக்கு 80. எனவே தண்ணீர் நிறைந்த குழாய், காய்ந்த மணலில் நன்றாகத் தெரியும். ஈரக் களிமண்ணில் அலை கொஞ்ச ஆழத்திலேயே கரைந்துவிடும். முக்கால் அங்குலக் குழாய் மெலிந்தது வேறு. பணம் இருந்தாலும், உங்கள் நிலம் களிமண் என்றால் முதலில் அதைக் கூப்பிட மாட்டேன்.

கசிவைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கலாமா என்றும் தம்பி கேட்டிருந்தார். இரும்புக் குழாயில் கசிவுச் சத்தம் தூரம் போகும். பிளாஸ்டிக் அதை விழுங்கிவிடும், சில மீட்டரிலேயே அடங்கிவிடும். பின்னிரவில் அழுத்தம் கூடி ஊர் அடங்கியிருக்கும்போது, குழாய் மேலே வரும் இடங்களில் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எந்தப் பக்கம் என்று ஒரு குறிப்புக் கிடைக்கலாம். அதைவிட நிச்சயமானது பாதிப் பாதியாக அடைப்பது. குழாயைக் கண்டுபிடித்த ஒரு நடு இடத்தில் வெட்டி ஒரு வால்வு போடுங்கள். அதை மூடியபின் மீட்டர் நின்றால் கசிவு வால்வுக்கு அப்பால். சுற்றினால் மீட்டருக்கும் வால்வுக்கும் இடையில். 80 மீட்டர் 40 ஆகும், இன்னொரு வால்வில் 20 ஆகும். அந்த வால்வுகள் பிற்காலத்திலும் பயன்படும். வால்வுக்கு அப்பால் உள்ள வீட்டில் பழுது என்றால், வால்வுக்கு முன்னால் உள்ளவர்களுக்குத் தண்ணீர் நிற்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு கமிட்டி முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். முப்பது வருடக் குழாய், வளைந்து நெளிந்து, யாருக்கும் தெரியாத ஒட்டுகளோடு கிடக்கிறது. ஒரு கசிவை அடைத்தால் அடுத்த வருடம் இன்னொன்று வரும். பழையதை மீட்டர்ப் பக்கத்திலும் ஒவ்வொரு கிளையிலும் மூடி மண்ணிலேயே விட்டுவிட்டு, வேலி ஓரமாகப் புதுப் பாலி பைப் போடுவது யோசிக்க வேண்டிய வழி. உழைப்பு ஊராருடையது என்றால், செலவு குழாய்ச் சுருளுக்கும் இணைப்புகளுக்கும்தான். ஹார்ட்வேர் கடையில் விலை கேட்டு, தேடும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தால் பழைய குழாயைக் கழிப்பறை கட்டும் இடத்தில் தேட வேண்டிய அவசியமே இருக்காது. தண்ணீர் இல்லாத குழாயில் மண்வெட்டி பட்டால் பட்டுப் போகட்டும். என் விருப்பம் இதுதான், ஆனால் அது கையிருப்பையும் ஆள் பலத்தையும் பொறுத்தது.

எதைச் செய்தாலும், திறந்த பள்ளத்தை மூடுவதற்கு முன் சில காரியங்கள். குழாயின் மேல்முதுகோடு உறையிட்ட ஒற்றைச் செப்பு வயர் ஒன்றை டேப்பால் கட்டி, இரண்டு முனையையும் வால்வுப் பெட்டிக்குள் மேலே விடுங்கள். இனி யாரும் குழாய்க்குள் எதையும் நுழைக்க வேண்டியதில்லை. சமிக்ஞை அனுப்பும் பெட்டியை அந்த வயரில் மாட்டினால் போதும். குழாய்க்கு ஒரு அடி மேலே எச்சரிக்கைப் பட்டை ஒன்றை விரியுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வால்விலும், அசையாத இரண்டு இடங்களிலிருந்து, அதாவது கோயில் சுவர் மூலை, மண்டபத் தூண் மாதிரி, டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு அளவு இருந்தால் அந்த இடத்தைச் சில அங்குலத்துக்குள் மறுபடி பிடிக்கலாம். கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், அதை நம்பாதீர்கள். அளவு டேப்பும் தெரியும்படி பள்ளத்தைப் படமெடுத்து, ஒரு பிரதியைக் கோயில் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள், இன்னொன்றை லயத்தில் ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

தம்பி, முதலில் மீட்டர் சோதனையைச் செய்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், தரைக்குக் கீழே இருப்பது பாலியா பிவிசியா, மீட்டருக்குப் பின்னால் உள்ள வால்வு எந்த வகை என்ற மூன்றையும் எழுதுங்கள். ஸ்டாப்காக்காக இருந்தால் ஃபிஷ் டேப்பை எங்கிருந்து விடுவது என்பதை மாற்ற வேண்டியிருக்கும். மண்டபத்துப் பக்கம் குழாய் மேலே வரும் இடத்தையும் படமெடுத்து அனுப்பினால் அதற்கேற்பச் சொல்கிறேன்.